ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில்

இரண்டு சிறிய அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீட்டில் தன்னந்தனியாகக் குடியிருந்துகொண்டு, இடம் போதவில்லை என்று ஊரெல்லாம் புலம்பிய ஆசாமி நான். மற்றவர்கள் சொல்வதற்கு முன் இதை நானே சொல்லிவிடுவது மரியாதை. அச்சாக அதே அளவுள்ள அடுத்த வீட்டில் கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண், அவளுக்குக் கீழே படிப்படியாக இறங்கும் பிள்ளைகள், அவ்வப்போது இரண்டு நாள் தங்க வந்து மாதக்கணக்கில் தங்கிவிடும் உறவினர்கள் என்று இத்தனை பேரும் கால் நீட்டிப் படுத்தார்கள். அவர்கள் யாரும் இடம் போதவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் கேட்டிருக்க முடியும். அதுதான் இந்தக் கதையே.

இது நடந்தது பெங்களூர்த் தண்டில், அதாவது பட்டாளம் இருந்த கன்டோன்மென்ட் பகுதியில், அல்சூர் ஏரிக்குக் காலாற நடந்து போகும் தூரத்தில், இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்னால். எனக்கு நாற்பது கடந்திருந்தது. மனைவி காலமாகிப் பல வருஷம், குழந்தை கிடையாது. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன் உத்தியோகம். சாட்சிகள் தமிழிலும் கன்னடத்திலும் ஹிந்துஸ்தானியிலும் சொல்வதை ஜட்ஜுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சாட்சி 'நான்' என்றால் மொழிபெயர்ப்பாளனும் 'நான்' என்றே சொல்ல வேண்டும் என்பது வழக்கம். அதனால் காலையில் ஆட்டைத் திருடாதவனாகவும் பிற்பகலில் அதே ஆட்டைப் பறிகொடுத்தவனாகவும் இருந்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புவேன். சொந்தமாகச் சொல்ல ஒரு வாக்கியம்கூட மிச்சம் இருக்காது. இருந்தாலும் கேட்க ஆள் இல்லையாதலால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

தனியாளுக்கு இடம் எப்படிப் போதாமல் போகும் என்று கேட்பீர்கள். புத்தகம்தான் காரணம். பட்டாளத்து அதிகாரிகள் மாற்றலாகிச் சீமைக்குப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விடுவார்கள். பியானோவும் கட்டிலும் பணக்காரர்களுக்குப் போகும். புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டாகக் கட்டி, கடைசியில், ஏலக்காரன் தொண்டை கட்டிய பிறகு விற்பார்கள். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் எனக்கு வேண்டிய புத்தகம் ஒன்று இருக்கும். மற்றவை குதிரை வைத்தியம், பாதிரிமார் பிரசங்கம், தூண்டில் போடும் கலை. வாங்கியதைப் படிக்காமல் விடுவது என் சுபாவம் இல்லை. அந்தக் காலத்தில் குதிரைக்கு வரும் வயிற்றுவலியைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு தண்டில் வேறு எந்தத் தமிழனுக்கும் தெரியாது. குதிரை மட்டும்தான் இல்லை.

கட்டிலில் புத்தகங்கள் படுத்துக்கொண்டன. நான் தரைக்கு இறங்கினேன். பிறகு அவை தரைக்கும் இறங்கின. நான் குறுகிப் படுத்தேன்.

அப்போதுதான் அப்படி ஒரு ஏலக் கட்டுக்குள்ளிருந்து, சின்ன வீடுகளை இடிக்காமலே பெரிதாக்குவது எப்படி என்று படம் போட்டு விளக்கும் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று வெளிப்பட்டது. அந்தப் புத்தகத்தை வைக்கவே வீட்டில் இடம் இல்லை என்பது வேறு விஷயம். மடக்கு மேசை, சுவருக்குள் ஒளியும் கட்டில், படிக்கட்டுக்கு அடியில் அலமாரி என்று பக்கத்துக்குப் பக்கம் ஆசை காட்டியது. என் வீட்டில் படிக்கட்டு கிடையாது. அதற்காகக் கொஞ்ச நாள் வருத்தப்பட்டேன்.

வீட்டுக்காரர் மல்லேஸ்வரத்தில் இருந்தார். சுவரை இடிக்காதவரை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று கன்னடத்தில் அனுமதி கொடுத்தார். இன்று சிவாஜி நகர் என்கிறார்களே, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தச்சு மேஸ்திரியைக் கூட்டி வந்தேன். எதைச் சொன்னாலும் "ஆயிடும் சாப்" என்கிற உற்சாகி. முதலில் சமையற்கட்டுக் கதவின் உள்பக்கத்தில் ஒரு மடக்கு மேசை செய்து மாட்டினார். பிரமாதமாக இருந்தது. ஒரே குறை, வெளியிலிருந்து யாராவது கதவைத் தள்ளினால் மேசையும் அதன்மேல் இருக்கும் காப்பியும் என் மடிக்கு வந்துவிடும். இதனால் ஆபத்து ஒன்றும் நேரவில்லை. அந்தக் கதவைத் தள்ள யாரும் வந்ததில்லை.

இந்த வெற்றியில்தான் என் பார்வை மேலே போனது.

எங்கள் வீடுகள் பிளேக்குக்குப் பிறகு அவசரமாகக் கட்டிய வரிசை வீடுகள். வரிசை முழுவதற்கும் ஒரே மங்களூர் ஓட்டுக் கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் ஓடு வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்ததும், இவ்வளவு போதும் என்று கொத்தனார் இறங்கிப் போய்விட்டார். சுவருக்கு மேலே, ஓட்டைத் தாங்கும் கைமரங்களுக்குக் கீழே, முக்கோணமாக ஒரு பெரிய வெற்றிடம். அந்தப் பக்கத்து வீட்டின் விளக்கு வெளிச்சம் அதன் வழியாக என் கூரையில் படியும். அவர்கள் மிளகாய் வறுத்தால் நான் தும்முவேன்.

அவர்கள் பேசினால் எனக்குக் கேட்கும். அடுத்த வீட்டுக்காரர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. வட ஆற்காட்டுக் குடும்பம். அவருடைய சம்சாரம் ஆசாரமான மனுஷி. குழாயடியில் என்னைக் கண்டால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். நானும் ஆகாயத்தை ஆராய்வேன். நேருக்கு நேர் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுவதும் வழக்கம் இல்லை. ஆனால் சுவருக்கு மேலே அந்த வழக்கமெல்லாம் செல்லாது. சுவருக்கு மேலே அவர் என்னிடம் பேசியதாக ஆகாது. தம் பெண்ணிடம் பேசியதாகத்தான் ஆகும்.

"பாப்பா! அடுத்த வூட்டு ஐயாகிட்ட சொல்லு, பால் பொங்கிக்கினு இருக்குது. புஸ்தகத்த அப்புறமா படிச்சிக்கலாம்."

பாப்பா அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். நான் ஓடிப்போய்ப் பாலை இறக்கிவிட்டு, "எறக்கிட்டேன்னு சொல்லும்மா பாப்பா" என்பேன்.

"பாப்பா, கொடில யாருதோ வேட்டி காயுது. மழ தூறுதே, எடுக்க மாட்டாங்களாமா?"

"எடுத்துடறேன்னு சொல்லு பாப்பா."

வீட்டில் இல்லாத அந்தக் குழந்தையைப்போல ஒரு மொழிபெயர்ப்பாளரை எந்தக் கோர்ட்டிலும் பார்த்ததில்லை. ஒரு சொல்லைக்கூட மாற்றாது.

குழந்தை வீட்டில் இருந்தால் வாய்ப்பாடு நடக்கும். "ஏழெட்டு அம்பத்தி நாலு" என்று அவள் துணிந்து சொல்வாள். நான் இந்தப் பக்கத்திலிருந்து, "அம்பத்தாறு" என்பேன். உடனே தாயாரின் குரல்: "சுவத்துக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லியேடி!" புருஷன் பெண்ஜாதிக்குள் வாக்குவாதம் முற்றினால் நான் லேசாக இருமுவேன். சட்டென்று அடங்கிவிடும். கோர்ட்டில் எனக்கு இல்லாத அதிகாரம் அந்த இருமலுக்கு இருந்தது. நிஜமாகவே இருமினால், மறுநாள் காலையில் பாப்பா ஒரு சொம்பு மிளகு ரசத்தோடு வாசலில் நிற்பாள்.

இதையெல்லாம் நான் அப்போது என்ன பெயரிட்டு அழைத்தேன் தெரியுமா? தொந்தரவு. கோர்ட்டில் சக குமாஸ்தாக்களிடம், "மனுஷனைப் படிக்க விடமாட்டேன் என்கிறார்கள் சார்" என்று அலுத்துக்கொள்வேன். என் பக்கத்திலிருந்து அவர்களுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. புத்தகம் சத்தம் போடாது. தனியாளும் சத்தம் போட மாட்டான்.

தலைக்கு மேலே வெறுமனே கிடக்கும் இடம் வீட்டுக்காரன் வீணடித்த இடம் என்று ஏலப் புத்தகம் அடித்துச் சொன்னது. அந்த முக்கோணத்தைப் பார்த்தேன். சுவரின் தலையில் அலமாரி ஒன்றை ஏற்றி ஓடுவரைக்கும் தட்டு அடித்தால் என் புத்தகங்கள் அத்தனையும் மேலே போய்விடும். கட்டில் எனக்குத் திரும்பக் கிடைக்கும். மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு மேலிருந்தபடியே கேட்டார்:

"பின்னாடி தொறந்து வுடறதா, பலகை போடறதா சாப்?"

"போட்டால் என்ன?"

"ரெண்டு அடுக்கா போட்டு நடுவுல மரத்தூள் அடைச்சிட்டா எலி வராது, தூசி வராது, சத்தம் வராது. ஜபர்தஸ்தா இருக்கும்."

சத்தம் வராது என்பது எனக்கு ராஜபோகமாகப் பட்டது. "ரெண்டு அடுக்காகவே போடும்" என்றேன்.

மரியாதைக்காகப் பார்சல்காரரிடமும் சொல்லி வைத்தேன். அவர் முகம் ஒரு கணம் எப்படியோ ஆனது. "செய்யிங்க சார், உங்க எடம். எங்க கூச்சல் உங்களுக்குப் பேஜாருன்னு வூட்லயும் சொல்லிக்கினுதான் இருந்தாங்க."

"சே சே, அதெல்லாம் இல்லை. புத்தகத்துக்காக" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் கோர்ட்டில் இருபது வருஷமாகப் பொய்ச்சாட்சிகளின் குரலில் பேசிப் பழகியதாலோ என்னவோ, அது பொய்யைப் போலவே ஒலித்தது.

அலமாரி முடிந்தது. முக்கோணம் முழுக்கப் புத்தகம். உச்சியில் குதிரை வைத்தியம். அன்று சாயங்காலம் மீட்கப்பட்ட கட்டிலில் சாய்ந்து, விளக்கை ஏற்றி, ஒரு புத்தகத்தை விரித்தேன். நிசப்தம். ஒரு பக்கம் படித்தேன். அதே பக்கத்தை மறுபடியும் படித்தேன். மணி என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. பார்சல்காரர் வந்து செருப்பைக் கழற்றும் சத்தத்தைத்தான் இத்தனை நாளும் கடிகாரமாக வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. கூரையில் அவர்களுடைய வெளிச்சம் இல்லாததால் என் விளக்கு மங்கிவிட்டதைப் போல இருந்தது. திரியை நறுக்கிப் பார்த்தேன்; திரியில் குற்றமில்லை.

பால் பொங்கி வழிந்தது. வேட்டி மழையில் நனைந்தது. ஏழெட்டு எத்தனை என்று அந்தக் குழந்தை என்ன சொல்லிக்கொண்டிருந்தாளோ, திருத்த ஆள் இல்லை. குழாயடியில் அந்த அம்மாள் முன்போலவே முந்தானையை இழுத்து ஒதுங்கினார். முன்பு அந்த ஒதுங்கலில் ஒரு பரிச்சயம் இருந்தது. பால் பொங்கியது எங்கள் இருவருக்கும் தெரியும் என்கிற பரிச்சயம். இப்போது அது வெறும் ஒதுங்கல்.

நிறைய இடம் இருந்தது. வீடு பெரிதாகிவிட்டது என்பதில் சந்தேகமே இல்லை. அந்தப் பெரிய வீட்டில் கட்டிலிலிருந்து கதவுவரை நடந்துவிட்டுத் திரும்பக் கட்டிலுக்கு வருவேன். புத்தகத்தின்படி எல்லாம் சரியாகவே நடந்திருந்தது.

மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டது. சில நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. பழக்கத்தில் இருமல் சுவரைப் பார்த்தே போயிற்று. வேண்டுமென்றே ஒன்றிரண்டு தடவை பலமாகவும் இருமிப் பார்த்தேன் என்று சொல்வதற்கு இப்போது வெட்கமில்லை. மரத்தூள் நன்றாக வேலை செய்தது. குதிரை வைத்தியம் மட்டும் மேலிருந்து கேட்டுக்கொண்டது. சொம்பு வரவில்லை. நானே கஞ்சி வைத்துக்கொண்டேன்; அதுவும் பொங்கிற்று.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் குழாயடியில் பார்சல்காரரைப் பார்த்தேன்.

"இன்னா சார், ஊருக்குப் போயிட்டிங்களா? ஆளையே காணமே."

அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஆமாம், ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்யாணம்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கல போல. பாதி ஆளா வந்திருக்கிங்களே."

அன்றே தீர்மானித்துவிட்டேன், பலகையை எடுத்துவிடுவதென்று. தீர்மானித்த பிறகுதான் சங்கடம் புரிந்தது. முன்பு இருந்த திறப்பு கொத்தனார் விட்டது. அதற்கு யாரும் பொறுப்பில்லை. மழையைப்போல அது பாட்டுக்கு இருந்தது. இனிமேல் திறந்தால் அது நான் திறந்தது. பெண்ஜாதி இல்லாத ஓர் ஆண்பிள்ளை, குடும்பம் இருக்கிற வீட்டின் பக்கமாக இருந்த மறைப்பைக் காசு கொடுத்து எடுக்கிறான் என்றால் வரிசையில் என்ன பேசுவார்கள்? போதாக்குறைக்கு, அவர்கள் கூச்சல் பொறுக்காமல் அடைத்தவன் என்ற பெயர் வேறு ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் சத்தம் எனக்கு வேண்டும் என்று போய்க் கேட்பது எப்படி? எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் அந்த வாக்கியம் அமையவில்லை.

காரணம் ஒன்று வேண்டியிருந்தது. கரையான் என்று வைத்துக்கொண்டேன். மேஸ்திரியை வரவழைத்தேன்.

அவர் பலகையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். மனம் புண்பட்டு இறங்கி வந்தார். "கரையானா? எங்க சாப்? நான் போட்ட மரத்துல கரையானா?"

"இனிமேல் வரலாம் இல்லையா?"

"வராது சாப். உங்க காலத்துக்கும் வராது."

"வருவதற்கு முன்னால் எடுத்துவிடுவது நல்லது" என்றேன். அன்றோடு அவர் என்னை 'சாப்' என்று அழைப்பதைக் குறைத்துக்கொண்டார்.

ஆனாலும் அடுத்த வீட்டைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. பார்சல்காரர் வேலைக்குப் புறப்படும் நேரம் பார்த்து வாசலில் நின்றேன். "பலகையில் கரையான் வரும்போல இருக்கிறது. பின்பக்கத்தை எடுத்தாக வேண்டும். எடுத்தால் பழையபடி... உங்கள் வீட்டுப் பேச்சு இங்கே... எனக்கு அதில் சிரமம் ஒன்றும் இல்லை. முன்பும் இருந்ததில்லை. சொல்லப்போனால்..." அதற்குமேல் சொல்லப்போகவில்லை.

அவர் பார்சலின் எடையைச் சந்தேகிக்கிறவரைப்போல என்னைப் பார்த்தார். "வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேன் சார்."

பதில் உடனே வரவில்லை. அந்த நாட்களில் கோர்ட்டில் சாட்சி சொன்னதை நான் வாய்க்குள்ளேயே சொல்லி, ஜட்ஜ் உரக்கச் சொல்லும்படி எச்சரித்தார். வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் அந்த வரிசையில் தொடர்ந்து இருப்பது முடியாது. வேறு வீடு பார்க்க வேண்டும். அந்த வீட்டில் சுவர் ஓடுவரைக்கும் இருக்கும். அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ, எதை நிறுத்திப் பார்த்தாரோ, எனக்குக் கேட்க வழியில்லை. வழியை நான்தான் மரத்தூள் வைத்து அடைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை பார்சல்காரர் தாமாகவே வந்தார். "எடுத்துக்கலாமாம் சார். புஸ்தகம் எங்க அடுப்புல உழாம பாத்துக்கச் சொன்னாங்க."

மேஸ்திரி வந்து, தம் கைவேலையைத் தாமே பிரிக்கும் துக்கத்தோடு பலகைகளைக் கழற்றினார். புத்தகம் விழாமல் ஒரு சட்டம் மட்டும் குறுக்கே அடித்தார். பாதிப் புத்தகங்களைக் கீழே இறக்கினேன். அவை கட்டிலுக்குத் திரும்பின. மேலே வெளிச்சம் வந்தது. மிளகாய் நெடி வந்தது. ஆனந்தமாகத் தும்மினேன்.

பேச்சு மட்டும் வரவில்லை. அவர்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். வாய்ப்பாடுகூட முணுமுணுப்பாக நடந்தது. நான் இருமினால் அதுவும் நின்றுபோனது. ஜட்ஜ் ஆசனத்தில் வந்து உட்கார்ந்ததும் கோர்ட்டில் ஒரு மௌனம் விழுமே, அந்த மௌனம். திறப்பு திரும்ப வந்துவிட்டது. ஆனால் அது இப்போது நான் திறந்த திறப்பு என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள்.

உடம்பு தேறவில்லை என்று கோர்ட்டுக்கு ஒரு நாள் லீவு சொன்னேன். பார்சல்காரர் வேலைக்குப் போனார். பாப்பா சிலேட்டும் பையுமாய்ப் பள்ளிக்கூடம் போவதை வாசலில் நின்று பார்த்தேன். பிறகு உள்ளே வந்து, பாலை அடுப்பில் வைத்து, விறகை நன்றாகத் தள்ளிவிட்டு, முன்னறையில் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

பால் காய்கிற சத்தம் வந்தது. பக்கத்தைத் திருப்பினேன். சத்தம் மாறியது, ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. என் பால் விளிம்புக்கு வந்திருக்க வேண்டும். முதல் துளி நெருப்பில் விழுந்து சீறியது. இன்னும் கொஞ்சம் சீறியது. தீய்ந்த வாசனை சுவருக்கு மேலே ஏறிப் போனது. ஒரு வேளைப் பாலும் போனது என்று உட்கார்ந்திருந்தேன்.

"பாப்பா!" என்றது குரல். பழைய உரத்த குரல். "அடுத்த வூட்டு ஐயாகிட்ட சொல்லு, பால் பூரா அடுப்புக்குத்தான் ஊத்தறாரான்னு!"

ஓடிப்போய் இறக்கினேன். கை சுட்டது. "எறக்கிட்டேன்னு சொல்லும்மா பாப்பா."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று கவிழ்ந்து நிமிர்ந்தது. பிறகு அதே குரல், இன்னும் கொஞ்சம் உரக்க, பள்ளிக்கூடத்தில் இருந்த குழந்தையிடம் சொன்னது:

"பாப்பா, இதையும் சொல்லிடு. அந்தப் பலகை இருந்த நாள்லதான் நம்ம வூட்ல எல்லாரும் ராத்திரில கண்ண மூடினோம். கரையான் வந்தா வந்துட்டுப் போவுது, ஐயாவோட கொறட்டைக்கு மட்டும் ஒரு பலகை அடிக்க முடியுமான்னு அந்த மேஸ்திரியக் கேக்கச் சொல்லு."